கோத்தகிரியிலிருந்து இலங்கைக்கு: செலவுக் கணக்கு போடுவது எப்படி?

முதலில் மாதத்தை முடிவு பண்ணுங்கள், அப்புறம் பணத்தை. ஏப்ரலில், இலங்கையின் தேயிலை மலை ஊரான நுவரெலியாவுக்கு சீசன். மே மாத ஊட்டி மாதிரி அறை வாடகை எகிறிவிடும். அதுவுமில்லாமல், தேயிலைத் தோட்டம் பார்க்க நாம் கடல் தாண்டிப் போகணுமா? கையில் இருப்பதைக் கடற்கரைக்கே வையுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை தெற்குக் கரையில் காலி நகரம், மிரிஸ்ஸ பக்கம் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் திருகோணமலை. தென்மேற்குப் பருவமழை அங்கே அவ்வளவாக எட்டாது.

விமான டிக்கெட்டோடு கணக்கை மூடாதீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கி, விமானம் ஏற திருச்சி போய்ச் சேரும் பஸ் செலவு, அதிகாலை விமானம் என்றால் ஒரு ராத்திரி லாட்ஜ், இதெல்லாம் யார் தலையில்?

சிகிரியா பாறைக் கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் கனமானது. இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குச் சலுகை உண்டு, பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்கு என் நோட்டில் இருப்பது: காலையில் ஆப்பம், மதியம் சோறு கறி, ராத்திரி கொத்து ரொட்டி. எல்லாம் தெருக்கடையில்தான். ஹட்டனில் சித்தி வீடு இருப்பதால் எங்களுக்கு அங்கே லாட்ஜ் செலவு மிச்சம். ஆனால் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? ஊட்டி வர்க்கிக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன்.