வாய்மொழி வரலாறு: பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று வடசென்னையின் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்ய ஆர்வத்தோடு கிளம்பும் இளைஞர்கள் இன்று நிறைய. அவசரமான வேலை இது. இங்கிருந்த பி அண்ட் சி துணி மில் 1996-ல் மூடப்பட்டபோது முப்பது வயதில் இருந்த தொழிலாளிக்கு இப்போது அறுபது. ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவும் அதே சில தவறுகளைச் செய்கிறது. சார்ஜ் தீர்ந்தது, மெமரி கார்டு நிரம்பியது போன்றவற்றை ஒரு முறை பட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். பட்டாலும் புரியாத தவறுகளைப் பற்றித்தான் இங்கே.

பேச்சை எழுத்துத் தமிழாக்குவது

எல்லாவற்றிலும் பெரிய சேதம் இதுதான். தட்டச்சு செய்கிறவர் நல்லெண்ணத்தோடு செய்வதால் யாரும் தடுப்பதுமில்லை.

தண்ணீர் லாரிக்காக நடந்த மறியலைப் பற்றி ஓர் அம்மா இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நாங்க ரோட்ல குந்திகினு இருந்தோம். அடிச்சாங்க. ஒரு பையனுக்கு மண்ட ஒடஞ்சிச்சாம்.” தட்டச்சாகி வரும்போது அது இப்படி ஆகிவிடுகிறது: “அப்பகுதி மக்கள் சாலை மறியலில் ஈடுபட்டனர். காவல்துறையினர் தடியடி நடத்தியதில் ஓர் இளைஞரின் மண்டை உடைந்தது.”

மூன்று இடத்தில் சாட்சியமே மாறிவிட்டது. ‘நாங்க’ என்று அவர் சொன்னது அந்தத் தெருப் பெண்களையா, ஒரு கட்சிக்காரர்களையா, ஒரு சாதியாரையா என்ற கேள்வி ‘அப்பகுதி மக்கள்’ என்றதும் அடைபட்டுப்போகிறது. ‘அடிச்சாங்க’ என்று மட்டும்தான் சொன்னார். அடித்தது யார் என்று சொல்லவில்லை. போலீஸாகவும் இருக்கலாம், எதிர்க்கோஷ்டி ஆட்களாகவும் இருக்கலாம். எழுத்தில் வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டுமே என்று தட்டச்சு செய்தவர் காவல்துறையை உட்கார வைத்துவிட்டார். மூன்றாவதுதான் ஆபத்தானது. ‘ஒடஞ்சிச்சாம்’ என்றால் அவர் பார்க்கவில்லை, கேள்விப்பட்டார். அந்த ‘ஆம்’ போனதும் செவிவழிச் செய்தி நேரில் கண்ட சாட்சியமாகிறது. பத்து வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் அதை அப்படியே எடுத்து எழுதுவார்.

இதற்கு மருந்து பேட்டி எடுக்கும்போதே இருக்கிறது. “நாங்கன்னா யார் யாரும்மா?”, “அடிச்சது யாரு?”, “நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?” இந்த மூன்றையும் கேட்டுவிட வேண்டும். பதில் வராவிட்டால் வராததாகவே இருக்கட்டும். உள்ளூர்க் கட்சிக்காரரை அவர் ‘அவன்’ என்றால் ‘அவன்’ என்றே எழுதுங்கள். இருவருக்கும் இடையே என்ன உறவு என்பது அதில்தான் தெரிகிறது.

பேட்டி எடுத்தவரே ஒரு வாரத்துக்குள் எழுத உட்கார வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓரத்தில் நேரம் குறியுங்கள். காதில் விழாத சொல்லை ஊகிக்காமல், சதுர அடைப்புக்குறிக்குள் ‘கேட்கவில்லை’ என்று நேரத்தோடு போடுங்கள். நீண்ட மௌனம், அழுகை, சிரிப்பு எல்லாம் பதிவின் பகுதிகள். முடித்ததும் இன்னொருவர் ஒலியைக் கேட்டபடி வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். வாசிப்புக்கு வசதியான வடிவம் தேவையென்றால் அதைத் தனிக் கோப்பாக, ‘திருத்திய வடிவம்’ என்று பெயரிட்டு வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒலியை அழித்துவிடுகிறார்கள் என்பது இதைவிடக் கோபம் வரவைக்கும் விஷயம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்.பி.தான். ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்கில் ஏறத்தாழ 1,900 மணி நேரம் அடங்கும். இடமில்லை என்று சொல்ல வழியே இல்லை.

‘தவறான’ தகவலை நீக்குவது

“1984-ல கவுன்சிலர் வூட்டாண்ட போய் நின்னோம்” என்று ஒருவர் சொல்கிறார். சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. ஆகவே 1984-ல் கவுன்சிலர் கிடையாது. விவரம் தெரிந்த மாணவர் அந்த வரியை எடுத்துவிடுகிறார்.

எடுக்கக் கூடாது. மன்றமே இல்லாத அந்த இருபத்து மூன்று வருடமும் தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் மக்கள் யாரிடம் போனார்கள் என்பதற்கு அந்த வரிதான் துப்பு. 1973-க்கு முன்பு கவுன்சிலராக இருந்தவரை ஊர் கடைசி வரை அப்படியே அழைத்திருக்கலாம். கட்சியின் வட்டச் செயலாளரைக் கவுன்சிலர் என்றிருக்கலாம். பெயரைக் கேளுங்கள். பிறகு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளோடும் பழைய நாளிதழ்களோடும் ஒப்பிட்டு, முரண்பாட்டை அடிக்குறிப்பில் எழுதுங்கள். பேச்சில் கை வைக்காதீர்கள்.

வருடம் இல்லாத வார்டு எண்

2011-ல் மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின. எண்கள் மாறிவிட்டன. வருடத்தையும் தெருவையும் சேர்த்து எழுதாத வார்டு எண்ணால் பயனில்லை. வீட்டுக் கதவிலுள்ள பழைய எண், புதிய எண் இரண்டையும் குறியுங்கள்.

“எந்த வருஷம்?” என்று கேட்பது

ஊகித்து ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். எம்.ஜி.ஆர். சுடப்பட்டதற்கு (ஜனவரி 1967) முன்பா, பின்பா? அண்ணா இறந்தபோது (பிப்ரவரி 1969) கல்யாணம் ஆகிவிட்டதா? சுனாமி வந்தபோது (டிசம்பர் 2004) எந்த வீட்டில் இருந்தீர்கள்? இப்படி இரண்டு பக்கமும் நெருக்கிக் கேட்டால் வருடம் தானே கிடைக்கும்.

தலைவர்களை மட்டும் தேடுவது

சுவர் எழுதியவர், மைக் செட் கட்டியவர், பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர், அடிபம்பில் குடங்களை வரிசைப்படுத்திய அம்மா. இவர்கள் முதலில்.

லேமினேஷன்

பழைய நோட்டீஸ், ரேஷன் கார்டு, சங்கச் சந்தா ரசீது எதையும் செராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளோடு ஒன்றிவிடும். திரும்பப் பிரிக்க முடியாது. துருப்பிடித்த பின்னைப் பக்குவமாக எடுத்துவிட்டு, பாலியஸ்டர் உறையில் வையுங்கள். பிவிசி கவரில் மை ஒட்டிக்கொள்ளும். பின்பக்கக் குறிப்பு பென்சிலில் மட்டும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம்.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவது

மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள். காலர் மைக்கைத் தாலிச் சங்கிலி உரசாத இடத்தில் குத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்வது

படம் சுருங்கும், எடுத்த தேதி போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு முன்பே கையெழுத்து வாங்குவது

என்ன சொல்லப்போகிறோம் என்பது தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. தொடங்கும்போது நோக்கத்தைச் சொல்லி, பதிவு செய்ய வாய்மொழியாக அனுமதி கேளுங்கள். பேசி முடித்த பிறகு படிவத்தைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டி, அவர் வாயாலேயே தேர்வு செய்ய விடுங்கள்: இப்போதே யாரும் கேட்கலாம், என் காலத்துக்குப் பிறகு கேட்கலாம், பெயரை மறைத்துக் கேட்கலாம். அடிதடி, வழக்கு, லஞ்சம் என்று பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் வரும் பகுதிகளைத் தனியே குறித்துப் பூட்டி வையுங்கள். அவர்கள் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். ஒலியின் ஒரு பிரதியைக் குடும்பத்திடம் கொடுத்து, அவர்கள் கேட்டு முடிக்க ஒரு மாதமாவது விடுங்கள். ஏதாவது ஒரு பகுதியை நீக்கச் சொல்லி வந்தால், ஓரத்தில் குறித்த நேரத்தை வைத்து ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.