ஒரு பெட்ரூம் வாடகை வீட்டில் நிம்மதி: எங்கிருந்து தொடங்குவது?

மனசுக்கு அமைதி தரும் வீடு என்று இணையத்தில் தேடினால் வெள்ளைச் சுவர், மரத்தரை, மூலையில் ஒரு புத்தர் தலை என்று படங்களாக வந்து விழும். நான் இருப்பது சென்னையில் ஒரு பெட்ரூம் வாடகை வீடு. நாங்கள் நான்கு பேர். சுவரில் ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரிடம் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் புதிதாக எதையும் வாங்கி வைப்பதைவிட, நம்மை நச்சரிப்பவற்றை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் பலன் தருகிறது. எனக்கு ஆன செலவு இரண்டு பல்பு, கொஞ்சம் வெட்டிவேர்.

படி 1: ஒரு நாள் சும்மா கவனியுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். எரிச்சல் வரும்போதெல்லாம் நேரத்தையும் இடத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள், போதும். என் பட்டியல் இது: காலை 6.40 மிக்ஸி. மாலை 7 மணி, வாசலில் செருப்புக் குவியல். இரவு 9, டியூப்லைட் கண்ணைக் கூசுகிறது. இரவு 11, ஃபேன். பரணை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டியலில் பரண் வரவே இல்லை.

படி 2: முதலில் சத்தம்

அந்த ஃபேன் இரண்டு வருடமாக 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. புது ஃபேன் வாங்கத்தான் வேண்டும் என்று முடிவே செய்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், கம்பியில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் கீழே இறங்கி மோட்டாரில் உரசிக்கொண்டிருந்தது. அதை மேலே தள்ளி ஸ்க்ரூவை முறுக்கினேன். ஐந்து நிமிட வேலை. அன்றிரவு அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில், கரண்ட் போய்விட்டதோ என்று எழுந்து பார்த்தேன்.

குடியிருப்புப் பகுதிக்கு அரசு விதித்த ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஓடும் மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்றால் 80-ஐத் தாண்டும். தெருச் சத்தத்தைத் திட்டுகிறோம், பாதிச் சத்தம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மிக்ஸிக்கு அடியில் பழைய டவலை மடித்துப் போடுங்கள். காற்று போகும் துளைகள் மட்டும் மூடிவிடக் கூடாது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ். காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலுக்குக் கொக்கி. போனில் குடும்ப குரூப்பை மியூட் செய்யுங்கள், யாருக்கும் தெரியாது.

படி 3: விளக்கு

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), அதாவது நடுப்பகல் வெளிச்சம். அதில் நீலம் கலந்த ஒளி அதிகம். இரவில் அதன் கீழே உட்கார்ந்திருந்தால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள். அட்டையில் 2700 அல்லது 3000 என்று இருக்கும். ஹாலுக்கு ஒன்று, படுக்கும் இடத்துக்கு ஒன்று, 5 வாட்ஸ் போதும். எட்டு மணிக்கு டியூப்லைட்டை அணைத்துவிட்டு இதைப் போடுங்கள். முதல் இரண்டு நாள், "என்ன, வீடு இருட்டடிச்சிருக்கு" என்பார்கள். அப்புறம் அவர்களே போடுவார்கள்.

படி 4: ஒரே ஒரு சுவர்

வீடு முழுக்க ஒழிக்கக் கிளம்பாதீர்கள், பாதியில் விட்டு இன்னும் மோசமாகும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். எதிரே தெரியும் சுவரை மட்டும் சரிசெய்யுங்கள். எங்கள் வீட்டில் அது டிவி ஷோகேஸும், துவைத்த துணி மலையாகக் கிடக்கும் நாற்காலியும். துணியை மடிக்கும் பழக்கம் எனக்கு வரப்போவதில்லை என்று தெரியும். அதனால் நாற்காலியையே எடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் மூடி போட்ட கூடை வைத்தேன். 2010-ல் லாஸ் ஏஞ்சலிஸ் குடும்பங்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், தங்கள் வீடு இரைந்து கிடக்கிறது என்று சொன்ன பெண்களுக்கு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் காலையிலிருந்து இரவுக்குள் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லையாம். எனக்கு ஆச்சரியமே இல்லை.

படி 5: காற்று, வாசனை, பச்சை

சாம்பிராணி போட்டால் மனம் அடங்குவது உண்மைதான். ஆனால் அது புகை. ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வெட்டிவேர் வாங்கி, நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டால் சித்திரை வெயிலுக்கே இதமாக இருக்கும்.

செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரு வீட்டுக்கு அந்த வேலையைச் செய்ய, சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும். கண்ணுக்குப் பச்சை என்பது வேறு விஷயம். 1984-ல் ரோஜர் அல்ரிச் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறுவைசிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் கொடி போதும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளர்ப்பீர்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் சோர்வும் போகவில்லை என்றால், அது பல்பு மாற்றித் தீரும் விஷயமில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

படி 6: வீட்டு மனிதர்கள்

கடினமானது இதுதான். அத்தைக்கு 7 மணி சீரியல் வேண்டும், எனக்கு அதே நேரம்தான் ஆபீஸிலிருந்து வந்து கொஞ்சம் மூச்சு விடும் நேரம். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. இப்போது ஓர் ஏற்பாடு: வந்ததும் பத்து நிமிடம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது, டிவி பாதிச் சத்தத்தில். பதிலுக்கு, ஒன்பது மணிக்கு அத்தை சொல்லும் சீரியல் கதையை நான் முழுசாகக் கேட்க வேண்டும்.