தாக்குதல் செய்தி வந்ததும் நாம் செய்யும் தவறுகள்

நகரத்தில் குண்டு வெடித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது என்று கேள்விப்பட்டதும் எல்லோர் கையும் போனுக்குத்தான் போகிறது. முதல் தவறும் அங்கேதான். லைன் கிடைக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழைக்கிறோம், வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அழைக்கிறோம், ஊரே அப்படிச் செய்யும்போது நெட்வொர்க் திணறி, உண்மையிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியவருக்கும் லைன் கிடைக்காமல் போகிறது. 2005 லண்டன், 2013 பாஸ்டன், 2016 பிரஸ்ஸல்ஸ் குண்டுவெடிப்புகள் எல்லாவற்றிலும் இதே நெரிசல்தான். பிரஸ்ஸல்ஸில் அமைச்சரே முன்வந்து, பேசாதீர்கள், செய்தி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

காரணம் எளிது. பேசி முடிக்கும் வரை ஒரு அழைப்பு அலைவரிசையில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். குறுஞ்செய்திக்கு இடம் கொஞ்சம் போதும், உடனே போகாவிட்டாலும் வரிசையில் காத்திருந்து போய்ச் சேரும்.

இன்னொன்றும் உண்டு, இதை யோசிப்பவர்கள் குறைவு. நீங்கள் அழைக்கும் ஆள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருக்கலாம். அந்த நேரத்தில் போன் மணி அடித்தால், ஏன், மேசைமேல் வைத்த போன் அதிர்ந்தால்கூட, அவர் இருக்கும் இடம் தெரிந்துவிடும். தாக்குதலுக்குள் மாட்டிக்கொண்டால் போனைச் சைலண்டில் போட்டு அதிர்வையும் நிறுத்துங்கள் என்று பிரிட்டன் போலீஸ் சொல்வது இதனால்தான்.

நீங்கள் அந்த ஊரில் இருந்தால் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே எழுதிவிடுங்கள். "நல்லா இருக்கேன்" மட்டும் போதாது, அதற்குப் பதிலாகப் பத்துக் கேள்வி வரும். "பத்திரமாக இருக்கிறேன், அடி எதுவும் இல்லை. ஆபீஸிலேயே இருக்கிறேன். ஆறு மணிக்கு மறுபடி எழுதுகிறேன். போன் செய்ய வேண்டாம், சார்ஜ் குறைவு." இப்படி எழுதினால் எல்லாம் அதிலேயே வந்துவிடும். வீட்டில் ஒருவருக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும்.

அடுத்தது ஃபார்வர்டு. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான், ஏனென்றால் உதவி செய்கிறோம் என்ற நினைப்பிலேயே செய்கிறோம். பாஸ்டனில் குண்டு வைத்தவர் இவர்தான் என்று இணையத்தில் பலர் சேர்ந்து ஒரு மாணவரின் படத்தைப் பரப்பினார்கள். அவர் குண்டு வெடிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே காணாமல் போனவர், அவரைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசவும் மிரட்டலும் வந்து குவிந்தன, கடைசியில் பிணமாகத்தான் கிடைத்தார். தாக்குதலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாராவது ஒரு முகத்தைக் காட்டி "இவன்தான்" என்று அனுப்பினால், அது எவ்வளவு நம்பும்படி இருந்தாலும் உங்களோடு நிற்கட்டும். "காணவில்லை" படங்களிலும் கவனம் வேண்டும், 2017-இல் மான்செஸ்டரில் சம்பந்தமே இல்லாதவர்களின் படங்களைப் போட்டுத் தேடச் சொன்னார்கள்.

போலீஸ் எங்கே நிற்கிறது, எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று படம் எடுத்துப் போடவே கூடாது. 2008-இல் மும்பையில் கமாண்டோக்கள் இறங்குவதை டிவி நேரலையில் காட்ட, தாக்கியவர்களை இயக்கியவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் உத்தரவு கொடுத்தார்கள். 2015-இல் பிரஸ்ஸல்ஸ் போலீஸ் சோதனை நடக்கும்போது எதையும் பதிவிடாதீர்கள் என்று கேட்டதும், மக்கள் பூனைப் படங்களாகப் போட்டுப் பதிவுகளை நிரப்பினார்கள், எவ்வளவு அழகான ஒத்துழைப்பு! உங்களிடம் வீடியோ இருந்தால் போலீஸிடம் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள். இறந்தவரின் வீட்டார் அதை முதலில் வாட்ஸ்அப்பில் பார்க்கக்கூடாது.

ரத்தம் கொடுக்க ஓடுவதும் நல்ல மனசுதான், ஆனால் கேட்டால் மட்டும் போங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் தேவைக்கு மேல் சேர்ந்த ரத்தத்தில் ஒரு பகுதியைக் கொட்ட வேண்டியதாயிற்று, சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும். பேரைப் பதிந்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னால் அடுத்த மாதம் போங்கள்.

அப்புறம், தாக்குதலில் இருந்து தப்பி வந்தவரை முதல் நாள் நூறு பேர் விசாரிப்பார்கள், மூன்றாவது வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தூக்கம் வராமல், சத்தம் கேட்டால் திடுக்கிட்டு அவர் தவிப்பது பெரும்பாலும் அப்போதும் தொடரும். "என்ன பார்த்தாய்" என்று கிளறாமல், சாப்பிட்டாயா, கூட வரட்டுமா என்று கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.