பிராவைப் பிடித்துத் தைக்கலாமா, விட்டுவிடலாமா?

ஊசியைத் தொடும் முன் பிராவைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பார்ப்பேன். முதுகுப் பட்டை மேலே ஏறி நின்றால் அது தளர்வு. பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது அந்தப் பட்டைதான், தோள் நாடா அல்ல. இது தெரியாமல் பல வருடம் நாடாவையே இறுக்கி, தோளில் பள்ளம் விழ வைத்தவள் நான்.

கப் சரியாக இருந்து, மிக இறுக்கமான கொக்கி வரிசையில் மாட்டியும் பட்டை தளர்ந்தால் தாராளமாகப் பிடித்துத் தைக்கலாம். முதலில் பெரிய ஓட்டுத் தையல் போட்டு, அரை நாள் போட்டுப் பாருங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் போதும். 4 செ.மீ. குறைக்க, பக்கத்துக்கு 2 செ.மீ. ஆனால் 1 செ.மீ. மடிப்பே 2 செ.மீ. துணியை விழுங்கும், அதனால் பக்கத்துக்கு 1 செ.மீ. மடித்தால் போதும். இதை மறந்து நல்ல பிரா ஒன்றைப் பாழாக்கினேன்! அப்புறம், வளைவுத் தையலே (ஜிக்ஜாக்) போடுங்கள். நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும்.

4 செ.மீ.-க்கு மேல் பிடித்தால் கப் அக்குள் பக்கம் இழுபடும். அப்போது அளவை மாற்றுவதே மேல்: 36பி-க்குப் பதில் 34சி (எண் பட்டைக்கு, எழுத்து கப்புக்கு), கப் கொள்ளளவு ஏறக்குறைய அதேதான்.

பட்டை இறுக்கமா? கூடுதல் கொக்கித் துண்டு போதும், தையலே வேண்டாம். கப் பிதுங்கினாலோ கம்பி மார்பின் மேலேயே அழுத்தினாலோ தைத்துப் பயனில்லை. எலாஸ்டிக் நைந்துபோனதை நான் தொடுவதே இல்லை. கொக்கிகளை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வேன்.