செல்லோ டேப்பில் ஒரு மீன்கொத்தி செய்வது எப்படி

கும்பகோணத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பெட்டியைப் பார்த்ததும் "இது என்ன பெயிண்ட் சார்?" என்றுதான் கேட்பார்கள். அதில் பெயிண்டே கிடையாது. நிறமில்லாத செல்லோ டேப், ஒரு கண்ணாடி, ஓடாத மானிட்டரிலிருந்து உரித்த இரண்டு ஷீட், பின்னால் வெள்ளை விளக்கு, அவ்வளவுதான். முன்னால் உள்ள வளையத்தைத் திருப்பினால் நீல மீன்கொத்தி மஞ்சளாகும், அதன் காவித் தலை நீலப்பச்சையாகும், வெள்ளைக் கழுத்து கறுத்துப்போகும். இதை நீங்களும் செய்யலாம். நான் தடுமாறிய இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது எனக்குத் தெரியவந்தது தற்செயலாகத்தான். கடையின் பழைய மானிட்டர் ஓரத்தில் விலைப்பட்டியலை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். வண்டி ஓட்டும்போது போடும் போலராய்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்து ஒரு நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே விழுந்த பின்னை எடுக்கத் தலையைச் சாய்த்தபோது, திரையின் மேல் வந்திருந்த டேப் துண்டு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. நிமிர்ந்தால் நிறம் இல்லை, சாய்ந்தால் இருக்கிறது. அன்றைக்கு மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித் திரைக்கு முன்னால் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடித் துண்டையும் தலையையும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு கோணத்தில் நிறம் வரும். சில கைபேசித் திரைகளில் இது சரியாக வராது, அதனால் மடிக்கணினியோ பழைய மானிட்டரோதான் நல்லது.

நிறம் எங்கிருந்து வருகிறது? பிளஸ் டூ இயற்பியலில் தளவிளைவு என்று படித்திருப்போம். எல்சிடி திரையின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் ஷீட், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். செல்லோ டேப்பின் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போதே இழுத்து நீட்டுகிறார்கள், அதனால் அதன் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கும். அதற்குள் புகும் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று வேகமாகவும் ஒன்று சற்றுப் பின்தங்கியும் போகும். இரண்டாவது ஷீட்டில் அவை மறுபடி சேரும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சில ஓங்கும். டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினால் பின்தங்கல் இரட்டிப்பாகும், நிறமும் மாறும். அடுக்குகளின் எண்ணிக்கைதான் இங்கே வண்ணப்பெட்டி. அமெரிக்காவில் ஆஸ்டின் வுட் கோமரோ என்ற ஓவியர் 1960களிலேயே இந்த முறையில் படம் செய்யத் தொடங்கி, அதற்குப் 'போலாஜ்' என்று பெயர் வைத்தார்.

சரி, பொருட்கள். காயலான் கடையில் 15 இஞ்ச் பழைய சதுர மானிட்டர் ஒன்றை வாங்குங்கள். படம் வராவிட்டாலும் பரவாயில்லை, ஷீட்டில் கீறல் இல்லாமல் இருந்தால் போதும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்கச் சும்மா வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். கரண்ட் வரும் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், அந்தப் பக்கம் கை போகவே கூடாது. பழைய மானிட்டர்களில் பென்சில் கனத்தில்கூட இல்லாத கண்ணாடிக் குழல்விளக்குகள் இருக்கும். அவற்றில் பாதரசம் இருக்கிறது, உடைக்காதீர்கள். குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம். நமக்கு வேண்டியது எல்சிடி கண்ணாடிப் பலகை மட்டும். மற்றதையெல்லாம் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

அந்தப் பலகையின் இரு பக்கமும் ஷீட் ஒட்டியிருக்கும். ஒரு மூலையில் பிளேடு முனையை நுழைத்துத் தூக்கி, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டிக்கொண்டே, ஷீட்டைக் கண்ணாடியோடு படுத்த வாக்கில் மெதுவாக இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் கண்ணாடி நொறுங்கும், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். உரித்த ஷீட்டில் பசை பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் வேண்டாம். அவற்றில் இருக்கும் அசிட்டோன் ஷீட்டின் மேல்தோலைக் கரைத்துவிடும். வெந்நீரிலும் ஊறப்போடாதீர்கள்.

இரண்டு ஷீட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து மேலே உள்ளதைத் திருப்பினால் ஒரு கோணத்தில் கும்மிருட்டாகும், 90 பாகை தள்ளி வெளிச்சமாகும். முதல் நிலையைக் குறுக்கு என்றும் இரண்டாவதை நேர் என்றும் வைத்துக்கொள்வோம். ஷீட் எந்தத் திசையில் அதிரும் ஒளியை உள்ளே விடுகிறதோ, அதுதான் அதன் அச்சு. அது எந்தத் திசை என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. வழவழப்பான டைல்ஸ் தரையில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும் இடத்தைத் தள்ளி நின்று ஷீட் வழியாகப் பாருங்கள். திருப்பும்போது அந்தப் பளபளப்பு எங்கே மிகவும் மங்குகிறதோ, அப்போது ஷீட்டின் அச்சு செங்குத்தாக இருக்கிறது. அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1808இல் பாரிஸில் மாலுஸ் என்ற விஞ்ஞானி, எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டுத் தெறித்த மாலை வெயிலைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்து, தெறிக்கும் ஒளிக்கு இந்தக் குணம் உண்டு என்று கண்டார். நம் வீட்டு டைல்ஸிலும் நடப்பது அதேதான்.

நிறம் பளிச்சென்று வர வேண்டுமானால் டேப்பின் நீளவாக்கு, ஷீட்டின் அச்சுக்கு 45 பாகையில் இருக்க வேண்டும். பழைய மலிவு மானிட்டர்கள் பலவற்றில் அச்சு ஏற்கெனவே மூலைவிட்டமாகத்தான் இருக்கும். அப்படியானால் டேப்பைச் சட்டத்துக்கு நேராகவே ஒட்டலாம். ஓரத்துக்கு இணையாக இருந்தால் டேப்பை மூலைவாக்கில் ஒட்டுங்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் தயவுசெய்து தாண்டிப் போகக் கூடாது. படம் வரைவதற்கு முன்னால் வண்ணப் பட்டியல் ஒன்றைச் செய்யுங்கள். நான் அது செய்யாமல் முதல் படத்தில் இறங்கினேன். பாதி வழியில் டேப் தீர்ந்து வேறு சுருளை எடுத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், விளக்கில் வைத்தால் ஒரே சிறகு பாதி பச்சை, பாதி அழுக்கு ரோஸ். இரண்டு வாரத்து வேலையைச் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு சுருளுக்கும் குணம் வேறு, அதனால் படத்துக்குத் தேவையான டேப்பை ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து மொத்தமாக வாங்கிவிடுங்கள். எழுதினால் மை பிடிக்கும் மங்கலான டேப் எனக்கு உதவவே இல்லை. பார்சல் ஒட்டும் தெளிவான டேப்தான் நன்றாக வருகிறது.

பட்டியல் என்பது ஒரு கண்ணாடிப் பட்டையில் படிக்கட்டு மாதிரி ஒட்டுவது. முதல் படியில் ஓர் அடுக்கு, அடுத்ததில் இரண்டு, இப்படி எட்டு வரை. எல்லாம் ஒரே திசையில். குறுக்கு நிலையில் என் சுருளில் ஓர் அடுக்கு மங்கிய வெள்ளை, இரண்டு ஆரஞ்சு, மூன்று பச்சை, நான்கு செம்மஞ்சள், ஐந்து கடல்பச்சை. அதற்கு மேல் போகப் போக வெளிர் ரோஸும் வெளிர் பச்சையும் மாறி மாறி வரும், எட்டில் எல்லாம் வெளுத்துவிடும். நேர் நிலையில் ஒவ்வொன்றும் எதிர்நிறமாக மாறும். இரண்டு நிறத்தையும் படியின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.

என் பட்டியலில் நீலம் இல்லை. மீன்கொத்திக்கு நீலம் இல்லாமல் எப்படி? மூன்று மாதம் கிடைக்கவில்லை. கடைசியில் பூங்கொத்து சுற்றும் மெல்லிய கண்ணாடித் தாளை ஒரு துண்டு வெட்டி, இரண்டு அடுக்கு டேப்புக்கு அடியில் வைத்தேன். ஆரஞ்சு அப்படியே நீலமானது, அதுவும் வாய்க்கால் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவையின் முதுகில் வெயில் படும்போது தெரியுமே, அந்த நீலம். அந்தத் தாள் கொடுத்தது அரை அடுக்குக்கும் குறைவான பின்தங்கல்தான், எனக்கு வேண்டியதும் அதுதான். தாளை 90 பாகை திருப்பி வைத்தால் கூட்டல் கழித்தலாகிவிடும், அப்போது மூன்று அடுக்குப் பச்சையிலிருந்து குறைந்தும் அதே நீலத்துக்கு வரலாம். டேப்பும் அப்படியே. ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கைச் செங்குத்தாக ஒட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, அந்த இடம் இருண்டுபோகும். தப்பாக ஒட்டியதை உரிக்க முடியாத இடத்தில் இது பெரிய உதவி.

இனிப் படம். 3 மில்லிமீட்டர் கண்ணாடியை 30க்கு 22 சென்டிமீட்டரில் வெட்டி, கண்ணாடிக் கடையிலேயே ஓரத்தைத் தேய்த்து வாங்குங்கள். கோட்டோவியத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பெரிய பரப்புகள் உள்ள படமாக எடுங்கள், மீன், இலை, பானை மாதிரி. முதலில் பறவையின் முழு உருவத்தையும் பக்கத்தில் உள்ள இலையையும் மூடும்படி ஓர் அடுக்கு டேப் ஒட்டுங்கள். 11ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடால் வெளிக்கோட்டை அறுத்து, மிச்சத்தை உரித்துவிடுங்கள். நீலம் வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடித் தாள் இந்த அடுக்குக்குக் கீழே முன்கூட்டியே போய்விட வேண்டும். அடுத்து, வெள்ளையாக நிற்க வேண்டிய கழுத்தைத் தவிர மற்ற இடத்துக்கெல்லாம் இரண்டாவது அடுக்கு. மூன்றாவது இலைக்கும் அலகுக்கும், நான்காவது அலகுக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் ஒட்டு, அறு, உரி, இதே வரிசைதான். பிளேடு கீழ் அடுக்கைக் கொஞ்சம் கீறினாலும் கவலை இல்லை.

காற்றுக் குமிழி மட்டும் ஆகாது. காலாவதியான ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் நடுவிலிருந்து வெளியே தேய்த்தபடி ஒட்டுங்கள். இரண்டு பட்டை சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் அங்கே ஓர் அடுக்கு கூடி வேறு நிறக் கோடு விழும். முதலில் இதோடு சண்டை போட்டேன். இப்போது சிறகில் வேண்டுமென்றே ஏற்றி ஒட்டுகிறேன். ஊசி கனத்தில் பச்சைக் கோடுகள் நீலத்துக்குள் ஓடும்போது இறகு இறகாகத் தெரிகிறது. பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

படம் முடிந்ததும் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன், நாளுக்கு நூறு ஆதார் அட்டை லேமினேட் செய்கிற கை அல்லவா. லேமினேஷன் தாளும் இழுத்து நீட்டிய பிளாஸ்டிக்தான், எல்லா நிறமும் கலங்கி எண்ணெய் படிந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் டேப்பும் தாளும் கண்ணாடியும் தவிர எதுவும் இருக்கக் கூடாது. ஓஎச்பி ஷீட், அக்ரிலிக், சொரசொரப்புக் கண்ணாடி எதுவும் வேண்டாம். மூடி வேண்டுமானால் இன்னொரு சாதாரணக் கண்ணாடி.

பெட்டிக்குப் பிளைவுட், ஆழம் 10 சென்டிமீட்டர், உள்ளே வெள்ளைப் பெயிண்ட். பின்பலகையில் 12 வோல்ட் எல்இடி பட்டையை நெருக்கமாக வளைத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு ஷீட்டும் வெளிச்சத்தை நிறையக் குடித்துவிடும், அதனால் கண் கூசுகிற அளவுக்கு விளக்கு வைத்தால்தான் கடைசியில் அளவாக வரும். விளக்கு, வெளிச்சத்தைப் பரப்ப ஒரு பட்டர் பேப்பர், முதல் ஷீட், படம் ஒட்டிய கண்ணாடி, இந்த வரிசை மாறக் கூடாது. பட்டர் பேப்பர் முதல் ஷீட்டுக்குப் பின்னால் இருந்தால்தான் சரி. முன்னால் வந்தால் நிறம் முழுக்கப் போய்விடும்.

திரும்பும் ஷீட்டுக்கு எம்பிராய்டரி வளையம்தான் என் கண்டுபிடிப்பு. 8 இஞ்ச் வளையம் வாங்கி, வெளி வளையத்தைப் பெட்டியின் முகப்பில் ஒட்டுங்கள். மங்கலான மேற்பரப்பு உள்ள ஷீட்டை வட்டமாக வெட்டி, அந்த மேற்பரப்பு வெளியே பார்க்கும்படி உள் வளையத்தில் ஒட்டுங்கள், டியூப்லைட் எதிரொளி விழாது. திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் உள் வளையம் வழுக்கிக்கொண்டு சுற்றும். மோட்டார் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் வைக்க மாட்டேன். கடைக்கு வரும் பிள்ளைகள் அந்த வளையத்தைத் தாங்களே திருப்பி, பறவை நிறம் மாறும்போது கையை அப்படியே நிறுத்திப் பார்ப்பார்கள். மறுபடி பின்னால் திருப்புவார்கள்.

மாட்டும் இடத்தில் நேர் வெயில் படக் கூடாது. வெயிலில் டேப் மஞ்சளாகும், சூட்டிலும் ஈரத்திலும் ஷீட்டும் வெளுக்கும். வட்டம் வெட்டியது போக மிஞ்சும் ஷீட் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு துண்டுக்கு நடுவில் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலையும் கோணமானியையும் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வார்க்கும்போது பிளாஸ்டிக் இறுகிய இடங்களில் வானவில் வரிகள் ஓடும். ஸ்கேலை விரலால் லேசாக வளைத்தால் அந்த வரிகள் நகரும்.