'ஐ ஹேவ் எ டவுட்' என்று சொல்வதற்கு முன்னால்

சந்தேகம் என்ற ஒரே சொல்லை வைத்துத் தமிழில் மூன்று வேலை பார்க்கிறோம். பாடம் புரியாவிட்டால் சந்தேகம் கேட்கிறோம், ஒரு காரியம் நடக்காது என்று பட்டால் 'நடப்பது சந்தேகம்தான்' என்கிறோம், பணம் காணாமல் போனால் 'அவன் மேல்தான் சந்தேகம்' என்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அதில் டவுட் நடுவில் இருப்பதற்கு மட்டும்தான்.

முதலாவதுக்கு கொஸ்டின் போதும். 'ஐ ஹேவ் எ டவுட்' இந்திய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் புரியும், நமக்குள் பேசும்போது அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிட்டனையோ அமெரிக்காவையோ சேர்ந்த ஒருவர் பேசி முடித்ததும் இப்படிச் சொன்னால், 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றே கேளுங்கள்.

பெரிய சிக்கல் மூன்றாவதுக்கான சஸ்பெக்டில்தான். 'ஐ டவுட் ஹி வில் கம்' என்றால் அவன் வரமாட்டான் என்று நினைக்கிறேன். 'ஐ சஸ்பெக்ட் ஹி வில் கம்' என்றால் வருவான் என்று நினைக்கிறேன். நேர் எதிர்! மனதுக்குள் சந்தேகம் என்று மொழிபெயர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அதனால் அந்தச் சொல்லையே கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, டவுட் வந்தால் 'இருக்காது', சஸ்பெக்ட் வந்தால் 'இருக்கும்' என்று வைத்துப் படியுங்கள். மழை வருமா என்று கேட்டவருக்கு 'ஐ டவுட் இட்' என்றால், எனக்கென்னவோ வராது என்று பதில். அதேபோல 'ஐ டவுட் ஹிம்' என்றால் அவன் பேச்சை நம்பவில்லை என்றுதான் அர்த்தம், பணத்தை எடுத்தது அவன்தானோ என்று சொல்ல 'ஐ சஸ்பெக்ட் ஹிம்' வேண்டும்.

'ஐ ஆம் டவுட்டிங்' வேண்டாம், 'ஐ டவுட்' போதும். அப்புறம், 'வித்தவுட் எ டவுட்' என்பது உறுதியானது. 'நோ டவுட்' பல நேரம் அவ்வளவு உறுதியில்லை, 'எப்படியும் அப்படித்தான் இருக்கும்' என்ற அளவில் நின்றுவிடும். 'பெனிஃபிட் ஆஃப் தி டவுட்' மட்டும் நமக்குச் சுலபம், நீதிமன்றச் செய்திகளில் படிக்கும் 'சந்தேகத்தின் பலன்' அதுவேதான்.

டவுட்டை உச்சரிக்கும்போது அதில் எழுதப்படும் 'பி' (b) எழுத்தை விட்டுவிடுங்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது இந்தச் சொல்லில் அந்த எழுத்தே கிடையாது, பின்னால் வந்த படிப்பாளிகள் லத்தீன் மூலமான 'துபிதாரே'யைப் பார்த்து எழுத்தில் சேர்த்தார்கள், பேசுகிறவர்கள் நாக்கு அதை ஏற்கவே இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லிலும் இதே கதைதான்.