பாத்திக் கைக்குட்டை: மெழுகும் இரண்டு சாயங்களும் கொண்டு முதல் துணி

1966ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அங்கே குடியேறிய ஓவியர்களின் அடுப்பு எரிந்ததில் பாத்திக் துணிகளுக்கு, அதாவது நிறம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடிச் சாயமிட்ட துணிகளுக்கு, கணிசமான பங்கு உண்டு. ஓவியங்களை வாங்குவோர் குறைவாக இருந்த அக்காலத்தில் கைவினைப் பொருட்கள் விற்றன. அந்த வருவாய், யாருக்காகவும் வளைந்து கொடுக்காமல் ஓவியம் வரையும் நேரத்தை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது. கைவினையை ஓவியத்துக்கு இடையூறாகக் கருதுவோர் இந்த வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். என் கருத்தில், பணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், படம் வரையக் கற்பவருக்குப் பாத்திக்கைப் போல் பயிற்சி தரும் வீட்டுக் கைவேலை வேறில்லை. எந்த இடத்தில் நிறம் சேரக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் பழக்கத்தை அது கையில் ஏற்றிவிடுகிறது.

இங்கே விளக்கப்படுவது 40 சென்டிமீட்டர் சதுரக் கைக்குட்டை ஒன்று. வடிவம் பூவரசம்பூ. வெள்ளைக் கோடுகள், மஞ்சள் இதழ்கள், பச்சைப் பின்னணி என மூன்று நிறங்கள் தெரியும். ஆனால் சாயம் இரண்டுதான், மஞ்சளும் நீலமும்.

தேவையானவை

துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணியில் இந்தச் சாயம் சரியாக ஏறாது என்பதால், கடையில் சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்ப்பது நல்லது: பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து மென்மையான சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். நெருக்கமாக நெய்த மெல்லிய பாப்ளின் துணி தொடக்கத்துக்கு ஏற்றது.

மெழுகுக்கு, 120 கிராம் பாரஃபினும் 80 கிராம் தேன்மெழுகும் போதும். பாரஃபின் எளிதில் விரிசல் விடும். தேன்மெழுகு வளைந்து கொடுத்துத் துணியைப் பற்றிக்கொள்ளும். பாரஃபின் மட்டும் பயன்படுத்தினால் சாயத்தொட்டியிலேயே மெழுகு உதிரத் தொடங்கும்.

சாயம், குளிர்ந்த நீரில் வேலை செய்யும் ரியாக்டிவ் வகையாக இருக்கட்டும். பருத்தி இழையுடன் வேதிப்பிணைப்பு கொள்ளும் இவ்வகைச் சாயங்கள் 1956இல் விற்பனைக்கு வந்தன. சூடான சாயநீரில் மெழுகு உருகிவிடும் என்பதால் பாத்திக்குக்கு இவை மிகப் பொருத்தமானவை. இவற்றுடன் கல் உப்பு, சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்), இரண்டு தூரிகைகள், துணியை இழுத்துக் கட்ட ஒரு மரச்சட்டம், டிராயிங் பின்கள், ரப்பர் கையுறை, முகக்கவசம் ஆகியவை வேண்டும். சாயத்துக்கும் மெழுகுக்கும் பயன்படுத்திய பாத்திரம் பின்னர் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

முதல் படி: கஞ்சியை நீக்குதல்

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சலவைத்தூளும் சிறிதளவு சோடா ஆஷும் கலந்த நீரில் துணியை அரைமணி நேரம் கொதிக்கவைத்து, அலசி, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும்.

இரண்டாம் படி: வரைதல்

மெல்லிய பென்சிலால் மூன்று பூக்களையும் அவற்றைச் சுற்றிச் சில இலைகளையும் துணியில் வரைந்துகொள்ளலாம். வரைந்த பின், இறுதியில் வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளைத் தனியே ஒரு தாளில் குறித்து வைப்பது அவசியம். தாளில் வரையும்போது நாம் கருமையைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். இங்கே வெளிச்சத்தைக் காத்துக்கொண்டே போக வேண்டியிருப்பதால், முதல் துணியில் பலருக்கும் குழப்பம் வருகிறது. அந்தத் தாள் குறிப்பு குழப்பத்தைப் பெருமளவு குறைக்கும்.

மூன்றாம் படி: முதல் மெழுகு

பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதனுள் வைத்த சிறிய பாத்திரத்தில் மெழுகை உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைத்த மெழுகு கவனிக்காவிட்டால் புகைந்து பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டுமே தவிர, ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்தில் ஒரு மூடி தயாராக இருக்கட்டும்.

துணியைச் சட்டத்தில் இழுத்துப் பின் குத்திய பிறகு, மெல்லிய தூரிகையால் இதழ்களின் விளிம்பிலும் இலை நரம்பிலும் மெழுகை இடுங்கள். ஜாவாவில் இதற்கெனச் சிறு மூக்குடைய செம்புக் கிண்ணம் பொருத்திய எழுதுகோல் உண்டு. அது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குறையில்லை. மெழுகு பட்ட இடம் ஈரமான கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாகத் தெரிய வேண்டும். வெண்மையாகத் துணியின் மேலேயே படிந்து நின்றால் மெழுகு ஆறிவிட்டது என்று பொருள். அத்தகைய இடத்தில் சாயம் அடியால் புகுந்துவிடும். ஆகவே தூரிகையை ஒவ்வொரு சிறு கோட்டுக்கும் மீண்டும் சூடான மெழுகில் தோய்ப்பதும், முடிவில் துணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்து மெழுகு இறங்காத இடங்களில் அங்கிருந்தும் இடுவதும் வேண்டும். இந்த முழு வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இதுவே. மற்றவை பெரும்பாலும் காத்திருப்பு.

நான்காம் படி: மஞ்சள்

முகக்கவசம் அணிந்து, ஒரு தேக்கரண்டி மஞ்சள் சாயத்தூளைச் சிறிது நீரில் குழைத்துக் கரைத்து, மூன்று மேசைக்கரண்டி உப்புக் கரைத்த ஒரு லிட்டர் சாதாரண நீரில் சேருங்கள். துணியை முதலில் வெறும் நீரில் நனைத்து, கசக்காமல் சாயநீரில் இட்டு, இருபது நிமிடம் மெதுவாக அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு துணியை எடுத்துவிட்டு, வெந்நீரில் கரைத்து ஆறவைத்த இரண்டு தேக்கரண்டி சோடா ஆஷை ஊற்றிக் கலந்து, துணியை மீண்டும் முக்கால் மணி நேரம் ஊறவிடுங்கள். உப்பு சாயத்தை இழையின் பக்கம் தள்ளுகிறது. சோடாவின் காரத்தன்மை அதை இழையோடு பிணைக்கிறது. குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தவும். வெயிலில் போட்டால் மெழுகு இளகிவிடும்.

ஐந்தாம் படி: இரண்டாம் மெழுகும் நீலமும்

துணி நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்த மெழுகு. ஈரத்துணியில் மெழுகு இறங்காது. இப்போது மஞ்சளாகவே நிற்க வேண்டிய இதழ்களைத் தடித்த தூரிகையால் முழுவதும் மூட வேண்டும். இலைகளையும் பின்னணியையும் அப்படியே விட்டுவிடுங்கள். பின்னர் நீலச் சாயத்தில், முன்னர்ச் சொன்ன அதே முறையில் இட்டால், மஞ்சளின் மேல் நீலம் ஏறிப் பச்சையாகும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது இவ்வேலையின் மாறாத ஒழுங்கு; ஏறிய நீலத்தின் மேல் மஞ்சளைக் கொண்டுவர இயலாது.

இந்தக் கட்டத்தில் சிலர் மெழுகு பூசிய துணியை வேண்டுமென்றே கசக்கி, விரிசல்களில் நீலம் இறங்கச் செய்வார்கள். பாத்திக் என்றாலே அந்தச் சிலந்திவலைக் கோடுகள்தாம் என்று கடைகளில் கிடைக்கும் அச்சுத் துணிகள் நம்மை நம்பவைத்துவிட்டன. ஜாவாவின் நுண்ணிய பாத்திக்கில் விரிசல் பெரும்பாலும் குறையாகவே கருதப்படுகிறது. பெரிய பூக்களுக்கு அது எடுப்பாக இருக்கலாம்; சிறிய கைக்குட்டையில் வடிவத்தைக் கலைத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. தானாக விழும் ஓரிரு விரிசல்களே போதுமானவை.

ஆறாம் படி: மெழுகை எடுத்தல்

அலசி உலர்த்திய துணியைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் தாள் மெழுகை உறிஞ்சும். மெழுகு படியாத தாள் வரும்வரை தாள்களை மாற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். அதன் பிறகும் துணி எண்ணெய் பட்டதுபோல் விறைப்பாக இருக்கும். ஆகவே சலவைத்தூள் கலந்த கொதிநீரில் பத்து நிமிடம் அழுத்தி அழுத்திக் கிளற வேண்டும். மேலே மிதக்கும் மெழுகோடு, பிணைப்புக் கொள்ளாத சாயமும் வெளியேறும். நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யலாம்.

கொதிநீரைச் சூடாக இருக்கும்போது கழிவுக்குழாயில் ஊற்றினால் மெழுகு குழாயை அடைத்துவிடும். முழுவதும் ஆறவிட்டால் மெழுகு மேலே தகடாக உறைந்து நிற்கும். அதை எடுத்து உலர்த்தி, உருக்கி வடிகட்டினால், பூக்களைப் பெரிதாக மூடும் இரண்டாம் மெழுகுக்கு அடுத்த முறை பயன்படும். வெள்ளைக் கோடுகளுக்கு மட்டும் புது மெழுகையே வைத்துக்கொள்ளுங்கள். சோடா சேர்த்த சாயநீர் சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும் என்பதால், மிச்சத்தைச் சேமித்து வைப்பதில் பயனில்லை. மஞ்சள் தொட்டி இன்னும் வலுவோடு இருக்கும்போதே பழைய பருத்தித் துண்டு ஒன்றை அதில் நனைத்து வைத்தால், அடுத்த கைக்குட்டைக்கு நீலத்தை எவ்வளவு கரைக்கலாம் என்று சோதித்துப் பார்க்க அது உதவும்.